சுடுமல்லிக்குப் பங்காளி

பேராச்சி களை எடுத்த இடத்தில் ஒரு வாரத்துக்குப் புல் தலைகாட்டாது. பம்பாய்ச் செம்பூரில் இருந்த ஒரு சுரங்கக் கம்பெனியின் மண் பரிசோதனைக்கூடத்தில் இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் கிடையாது. மற்ற ஆட்கள் புல்லின் தலையைக் கிள்ளிவிட்டு, களை எடுத்தாயிற்று என்று டீ குடிக்கப் போய்விடுவார்கள். பேராச்சிக்கு அந்த வித்தை வராது. ஒரு சின்னக் கொத்தியும் இரண்டு விரலும் இருந்தால் போதும், வேர் நுனி அறாமல் முழுசாக வெளியே வந்துவிடும். அந்த விரலுக்காகத்தான் அவளை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

வேலை என்றால் நிரந்தர வேலை இல்லை. கேட் பாஸ். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சூப்பர்வைசர் கரீம் பாட்சா அதில் முத்திரை குத்த வேண்டும். குத்தினால் உள்ளே, குத்தாவிட்டால் வெளியே. கரீம் பாட்சா மேலப்பாளையத்துக்காரர், பேராச்சியின் பேச்சும் அவர் பேச்சும் ஒன்றுதான். ஆனால் முத்திரையைக் கையில் எடுத்துவிட்டால் அவருக்கு ஊரும் கிடையாது, உறவும் கிடையாது. நான்கு வருஷமாக மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து சயானுக்கு நடந்து, அங்கே பஸ் பிடித்து, எட்டு மணிக்கு முன்னால் கேட்டில் நின்று அந்தப் பாஸை அவள் காப்பாற்றி வைத்திருந்தாள். இந்தத் தடவை அது செப்டம்பர் முப்பதாம் தேதியோடு முடிகிறது.

அறுபத்தாறாம் வருஷம் ஜூலையில், மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்த ஒரு நாள், மைசூர் ராஜ்யத்திலிருந்து ரயிலில் ஒரு தகரப்பெட்டி வந்தது. ஈரச்சாக்கில் சுற்றி நாற்பது செடி. பிரித்துப் பார்த்தால் உயிரோடு இருந்தது பன்னிரண்டுதான்.

அந்தச் செடியின் பெருமையைக் கேட்டால் சிரிப்பு வரும். அங்கே எங்கேயோ ஒரு மொட்டைக் கரடு இருக்கிறதாம். பாறை பச்சையும் கறுப்புமாக, தொட்டால் சோப்புப் போல வழுக்குமாம். பார்க்கப் பாம்புத்தோல் மாதிரி இருப்பதால் வெள்ளைக்காரன் பாம்பின் பெயரையே அதற்கு வைத்துவிட்டான். அந்த மண்ணில் ஒழுங்கான செடி எதுவும் நிமிராது. ஏழெட்டு வகைக் கோரைப்புல்லும் இந்தச் செடியும்தான் பிழைத்துக் கிடக்கின்றன. புல்லாவது நாலு இடத்தில் உண்டு. இந்தச் செடி உலகத்தில் அந்தக் கரட்டைத் தவிர வேறெங்கும் இல்லை என்று புத்தகம் படித்தவர்கள் சொன்னார்கள். இது முளைக்கிற இடத்துக்கு அடியில் என்ன தாது இருக்கும் என்று தெரிந்துகொண்டால், பூமியைத் தோண்டாமல் பூவைப் பார்த்தே சுரங்கம் வெட்டிவிடலாம். கம்பெனிக்கு அதில்தான் அக்கறை. பூவைப் பார்த்து ரசிப்பதற்காக யாரும் ரயில் கூலி கொடுக்கவில்லை.

செடிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு விசாலாக்ஷியிடம் வந்தது. மாட்டுங்காவில் மூன்றாம் மாடியில் அப்பா அம்மாவோடு இருப்பவள், தாவரவியலில் எம்.எஸ்ஸி., முப்பத்திரண்டு வயது. அந்தக் கூடத்தில் அதிகாரி என்ற பெயரில் இருந்த ஒரே பெண். அதனால் மற்றவர்கள் ஒரு தடவை சரியாகச் செய்வதை அவள் மூன்று தடவை சரியாகச் செய்தாக வேண்டும். இந்தச் செடியை பம்பாயில் பூக்க வைத்து விதை எடுத்துக் காட்டுகிறேன் என்று ஹெட் ஆபீஸுக்கு எழுதியே கொடுத்துவிட்டாள்.

அந்தக் கரட்டு மண்ணையே மூட்டையில் வரவழைத்து, சலித்து, பன்னிரண்டு தொட்டியில் நிரப்பினார்கள். செடியின் வேரை மூன்று தண்ணீரில் அலசி நட்டார்கள். பேராச்சியைக் கூப்பிட்டு விசாலாக்ஷி சொன்ன உத்தரவு ஒன்றே ஒன்றுதான்: தொட்டிக்குள் இந்தச் செடியைத் தவிர வேறு ஒரு புல் இருக்கக் கூடாது. பேராச்சிக்கு இதைச் சொல்லவா வேண்டும்? மண்ணோடு வந்த புல் விதை ஊசிமுனை அளவுக்கு முளைத்தாலும் எடுத்தெறிந்தாள். பன்னிரண்டு தொட்டியும் துடைத்து வைத்த மாதிரி இருந்தன.

செடிகள் ஒவ்வொன்றாகச் செத்தன.

முதல் வாரத்தில் இரண்டு, அடுத்த வாரத்தில் மூன்று. இலை பச்சையாகத்தான் இருக்கும், திடீரென்று ஒரு நாள் தலை தொங்கிவிடும். தண்ணீரைக் கூட்டிப் பார்த்தார்கள், குறைத்துப் பார்த்தார்கள், நிழலுக்கு மாற்றினார்கள், மழை விட்ட நேரம் வெயிலில் வைத்தார்கள். விசாலாக்ஷிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆகஸ்ட் பாதியில் மிஞ்சியது ஐந்து. தண்ணீர் ஊற்றுகிற கை சரியில்லை என்று கரீம் பாட்சா ஒரு பேச்சை எடுத்துவிட்டார். தண்ணீர் ஊற்றிய விவரம் எழுதும் நோட்டில் தினமும் பேராச்சியின் கைநாட்டு இருந்தது. கணக்கு யார் தலையில் முடியும் என்று அவளுக்குத் தெரியாதா?

விசாலாக்ஷி கெட்டவள் இல்லை. ஆனால் பயந்து போயிருந்தாள், பயந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரைத்தான் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் இருப்பதும் போய்விட்டால் மேலே யாராவது கேட்பார்கள், நோட்டைத்தான் காட்ட வேண்டியிருக்கும் என்று அவள் பேராச்சியிடமே சொன்னாள். முப்பதாம் தேதி முத்திரை விழாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஐந்தில் ஒன்று மட்டும் விதிவிலக்காகக் கொழுத்து நின்றது. இடம் போதவில்லை என்று காம்பவுண்டுச் சுவர் ஓரமாக மண் தரையில் வைத்திருந்த தொட்டி அது. கிளை விட்டு, நுனியில் மொட்டுக்கூடக் கட்டியிருந்தது. விசாலாக்ஷி நாளைக்கு நான்கு தடவை அதைப் போய்ப் பார்த்து வந்தாள். சுவர் ஓரக் காற்றுத்தான் காரணம் என்று நினைத்து, மற்ற நான்கையும் அங்கே மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் அந்தத் தொட்டியைத் திருப்பி வைக்கப் பேராச்சி குனிந்தாள். தொட்டி வரவில்லை. அடியில் இருந்த துளை வழியாக வேர் இறங்கித் தரையைப் பிடித்திருந்தது. கொத்தியால் சுற்றிலும் மண்ணைக் கிளறி மெல்லத் தூக்கினாள். செடியின் வேரோடு தரையில் கிடந்த புல்லின் வேரும் சேர்ந்து வந்தது. பிரிக்கப் பார்த்தால் பிரியவில்லை. செடியின் வேர் புல் வேரைத் தொட்ட இடத்திலெல்லாம் வெள்ளையாகக் கடுகளவு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் புல் வேரைக் கவ்விப் பிடித்திருந்தது. கவ்வப்பட்ட புல் மஞ்சளடித்துப் போயிருந்தது.

அந்த முடிச்சைப் பேராச்சிக்குத் தெரியும். சங்கரன்கோவிலுக்குத் தெற்கே அவர்களுக்கு இருந்த மூன்று ஏக்கர் காட்டில் சோளத்தின் காலடியில் அதைப் பார்த்திருக்கிறாள். சுடுமல்லி. மேலே பார்த்தால் பச்சை இலையும் சின்னப் பூவுமாகப் பரம சாதுவாக நிற்கும். கீழே சோளத்தின் வேரில் வாயை வைத்து உறிஞ்சும். தண்ணீர் பாய்ச்சினாலும் சோளம் தண்ணீரில்லாத பயிர் மாதிரி நுனி கருகும். சுடுமல்லியைக் கண்டால் பூப்பதற்குள் பிடுங்க வேண்டும், பிடுங்கிப் பாதையில் எறிய வேண்டும், வெயிலில் காயவிட வேண்டும். ஏழு வயதிலிருந்து பழகிய கை அது. கண் பார்த்ததும் கைக்கு யோசனை கேட்கிற வழக்கம் இல்லை.

கொத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தண்டைப் பிடித்து ஒரே இழுப்பு. மொட்டோடு சேர்ந்து சுவருக்கு அப்பால் சாலையில் போய் விழுந்தது. எறிந்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு நினைவு வந்தது. ஓடிப்போய் எடுப்பதற்குள் ரிபைனரிக்குப் போகிற லாரி அதன்மேல் ஏறிவிட்டது.

யாரும் பார்க்கவில்லை. தொட்டியிலேயே செத்துப்போயிற்று என்று சொன்னால் நம்புவார்கள், ஏழு செத்ததோடு எட்டு. ஆனால் மற்ற நான்கும் ஏன் சாகின்றன என்று இப்போது இந்தக் கூடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சும்மா இருந்தால் நான்கும் சாகும், நோட்டில் இருப்பது அவள் கைநாட்டு. சொன்னால், பூக்கவிருந்த ஒன்றைப் பிடுங்கி எறிந்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டிலும் பாஸ் போகும். ஒரு மணி நேரம் அந்தச் சுவர் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு முடிச்சு விழுந்த புல் வேரை இலையில் மடித்து எடுத்துக்கொண்டு விசாலாக்ஷியின் அறைக்குப் போனாள்.

"நான்தாம்மா பிடுங்கிப் போட்டேன்" என்றாள். "பாத்ததும் கை போயிட்டு."

விசாலாக்ஷிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வெளுத்துவிட்டது. வாய்க்கு வந்தபடி திட்டுகிறவளாக இருந்திருந்தால் அதுவே தேவலை. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். பேராச்சி இலையைப் பிரித்து அவள் முன்னால் நீட்டினாள்.

"இது சுடுமல்லிக்குப் பங்காளியாக்கும். அது எங்க காட்டுல சோளத்தத் திங்கும். இது அங்கன கரட்டுல புல்லத் தின்னு கெடந்திருக்கும். நீங்க அதுக்குத் திங்க ஒண்ணும் குடுக்காம வெறுந் தண்ணிய ஊத்தச் சொன்னா எப்பிடிம்மா பொழைக்கும்? நானும் ஒரு புல்லு விடாம எடுத்துப் போட்டேன்."

விசாலாக்ஷி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். வேரைப் பிளேடால் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். வெகுநேரம் குனிந்தவள் நிமிரவே இல்லை. இலையில் பச்சை இருக்கிறதே, தானே சமைத்துச் சாப்பிடுகிற செடிதானே என்று அவள் நம்பியிருந்தாள். பாதிச் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொண்டு, மீதியைப் பக்கத்து வீட்டிலிருந்து திருடுகிற ஜாதியும் உண்டு என்று கல்லூரியில் படித்ததுதான். பரீட்சைக்காகப் படித்தது, பரீட்சையோடு போயிற்று. நிமிர்ந்தபோது அவளுக்குக் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. பிடுங்கிய விஷயம் நோட்டில் ஏறவும் இல்லை.

அன்றைக்கே சுவர் ஓரத்துப் புல்லை மண்ணோடு பெயர்த்து நான்கு தொட்டியிலும் வைத்தார்கள். ஒன்று பிழைக்கவில்லை. மூன்று ஒரு வாரத்தில் தலையைத் தூக்கின. கரீம் பாட்சா வந்து பார்த்துவிட்டு, நம்ம ஊர்க்காரி என்று இரண்டு பேர் கேட்கும்படி சொல்லிக்கொண்டு போனார்.

கதை இங்கே முடிந்திருந்தால் பேராச்சிக்கு நல்லது. விசாலாக்ஷியின் மூளை அதற்குள் அடுத்த படிக்குத் தாவிவிட்டது. புல்லைப் பிடிக்கிற செடி பயிரையும் பிடிக்குமா? பிடித்தால் அது ஹெட் ஆபீஸ் மட்டுமல்ல, டில்லி வரைக்கும் போகிற செய்தி. மூன்றில் ஒன்றைப் புல்லோடு விட்டுவிட்டு, இரண்டைச் சோளத்தோடு வளர்ப்பது என்று முடிவு செய்தாள். சோளம் வளர்க்கத் தெரிந்த ஆள் அந்தக் கூடத்தில் வேறு யார்? இது பலித்துவிட்டால் பேராச்சியின் பெயரை நிரந்தரத்துக்கு எழுதுகிறேன், நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றும் சொன்னாள். சொன்னதைச் செய்கிறவள்தான்.

பேராச்சி வேறு பயிர் வைக்கலாமா என்று கேட்டாள். கம்பு, கேழ்வரகு, எது வேண்டுமானாலும். விசாலாக்ஷி சிரித்துக்கொண்டே, நீதானே சோளத்தைச் சொன்னே என்றாள்.

அன்று லேபர் கேம்ப்பில் சாப்பிட்டு முடித்ததும் பேராச்சி புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள். வெயிலுமுத்து தாராவியில் தோல் பதனிடுகிற இடத்தில் வேலை. கையெல்லாம் சுண்ணாம்பு தின்ற தடம். சோளம் என்ற சொல் வந்ததும் அவன் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தான்.

அவர்கள் காட்டில் சுடுமல்லி ஏறியது மூன்று வருஷம். முதல் வருஷம் பாதிச் சோளம் போயிற்று. இரண்டாம் வருஷம் விதைத்த விதை மட்டும் திரும்பி வந்தது. மூன்றாம் வருஷம், அதாவது ஐம்பத்து மூன்றில், அதுவும் திரும்பவில்லை. ஊரெல்லாம் கையில் காசில்லாத காலம், யாரிடம் போய்க் கேட்பது? பேராச்சிக்கு மார்பில் பால் வற்றியது. பிள்ளை இசக்கிக்கு அப்போது ஒன்றே கால் வயது, அந்தத் தையைத் தாண்டவில்லை. மாசியில் புருஷனும் பெண்டாட்டியும் பம்பாய்க்கு ரயில் ஏறினார்கள். பதின்மூன்று வருஷமாக அந்தப் பிள்ளையின் பெயரை அவன் வாயால் சொன்னதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

"செடிகிட்டப் போயி என்னத்துக்குக் கோவம்?" என்றான். "பாஸ் போயிட்டுன்னா நீ வேற எங்க போவ?"

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பேராச்சிக்கு அவன்மேல் ஆத்திரம் வந்தது, சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் சோளம் விதைத்தாள். ரேஷனில் போடுகிற சிவப்புச் சோளம் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, சயான் மார்க்கெட்டில் மராத்திக்காரியிடம் நல்ல வெள்ளைச் சோளமாகப் பொறுக்கி வாங்கி வந்தாள். கரட்டு மண்ணில் அது எழும்பாது என்று தெரிந்து, செம்பூரில் எருமை கட்டுகிற இடத்திலிருந்து மக்கிய சாணம் கேட்டு வாங்கிப் பாதிக்குப் பாதி கலந்தாள். தொட்டிக்கு மூன்று நாற்று விட்டு மற்றதைக் களைந்தாள். அரைகுறையாகச் செய்ய அவளுக்குத் தெரியாது, அதுதான் அவளுடைய கஷ்டம். சோளம் தளதளவென்று முழங்கால் உயரம் வந்தது. எவ்வளவு நன்றாக வருகிறதோ அவ்வளவு நன்றாக அது தின்னப்படும் என்பது தெரிந்துதான் தண்ணீர் ஊற்றினாள். அந்தப் பூச்செடிமேல் அவளுக்கு இருந்தது வெறுப்பு, சாதாரண வெறுப்பு இல்லை. ஆள் இல்லாதபோது அதைப் பார்த்து, சவமே, என்பாள். சொல்லிவிட்டு அதற்கும் சேர்த்துத்தான் ஊற்றினாள்.

செப்டம்பர் மூன்றாம் வாரம் சோளத்தின் இலைநுனி கருக ஆரம்பித்தது. தொட்டியில் ஈரம் இருக்கிறது, இலை மட்டும் காய்கிறது. முதலில் கீழ் இலை, பிறகு நடு இலை. எந்த நாளில் எந்த இலை போகும் என்று பேராச்சி விரலை மடக்காமலே சொல்லியிருப்பாள். விசாலாக்ஷி ஸ்கேலை வைத்து அளந்து அளந்து எழுதினாள். அவள் முகத்தில் இரண்டு மாதத்தில் இல்லாத களை வந்திருந்தது.

பேராச்சிக்குப் பொறுக்கவில்லை.

"சோளம் வாடுதும்மா" என்றாள்.

"வாடட்டும் பேராச்சி. அதுக்குத்தானே வெச்சிருக்கோம்."

எழுதுவதிலிருந்து நிமிராமல் சொன்னாள். அதில் கல்நெஞ்சம் எதுவும் இல்லை, அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். சொல்லியிருக்கலாம். சொல்ல ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று பேராச்சிக்குத் தெரியவில்லை. மேலும் எழுதிக்கொண்டிருந்த அந்தக் காகிதத்தில்தான் அவளுடைய நிரந்தரமும் இருந்தது.

இருபத்தாறாம் தேதி காலை பேராச்சி வந்தபோது ஷெட்டில் யாரும் இல்லை. இரண்டாவது தொட்டியில் பூ விரிந்திருந்தது. வெளிர்மஞ்சள், தொண்டையில் ஒரு ஊதாக் கோடு, நகத்தளவுதான். அழகாக இருந்தது, அதை அவள் மறுக்கவில்லை. அதன் பக்கத்தில் மூன்று சோளமும் தலை சாய்ந்து நின்றன. பேராச்சி குனிந்து செடியின் தண்டை இரண்டு விரலால் பிடித்தாள். இந்தத் தடவை கைக்கு யோசனை இருந்தது. பிடுங்கினால் யார் என்று கேட்கக்கூட மாட்டார்கள், ஒரு தரம் பிடுங்கியவள்தானே என்பார்கள். முப்பதாம் தேதிக்கு இன்னும் நான்கு நாள். லேபர் கேம்ப்பின் அறை, வெயிலுமுத்துவின் கை, கேட்டில் முத்திரை, எல்லாம் அந்த இரண்டு விரலில் இருந்தன. எவ்வளவு நேரம் அப்படியே நின்றாள் என்று தெரியாது. விரலை எடுத்துவிட்டாள். எடுத்த பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பதின்மூன்று வருஷத்து அழுகை சத்தமாகவே வந்தது.

விசாலாக்ஷி ஓடிவந்தாள். முதலில் பேராச்சியைப் பார்த்துப் பயந்து, பிறகு தொட்டியைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பேராச்சியைத் தொட்டிராதவள், பட்டுக் கரை மண்ணில் படிய அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளை அணைத்துக்கொண்டாள்.

"அழாதே பேராச்சி. எனக்கும்தான் அழுகை வரது. உன் குழந்தை மாதிரின்னா வளர்த்தே அதை."

பேராச்சி அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அது பொய்யில்லாத சந்தோஷம், ஈரக் கண்ணோடு சிரித்துக்கொண்டிருந்தது. ஆமாம்மா என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வாளியை எடுத்துப் போய்க் குழாயடியில் நிரப்பினாள். திரும்பி வந்து இரண்டாவது தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினாள். சோளத்தின் பக்கமாக ஊற்றினாள்.